ஒளி பட்டால்தான் வேலை செய்யும் மருந்துகள்: வாசகர் கேள்வி – பதில்

ஒளியால் இயங்கும் புற்றுநோய் மருந்துகளைப் பற்றி வந்த கேள்விகளுக்கு இந்த இதழில் பதில் தருகிறோம். ஆய்வு மாணவர்களின் கேள்விகளை விரிவாகவும் மற்றவற்றைச் சுருக்கமாகவும் எடுத்துக்கொண்டிருக்கிறோம்.

கீமோதெரபி மருந்தும் செல்லைக் கொல்கிறது, ஒளி மருந்தும் செல்லைக் கொல்கிறது. இரண்டுக்கும் என்ன வித்தியாசம்?
– பள்ளி ஆசிரியர், கோவில்பட்டி

கீமோ மருந்து ரத்தத்தோடு போகும் இடமெல்லாம் வேலை செய்யும். முடி கொட்டுவதும் வாய்ப்புண் வருவதும் அதனால்தான். ஒளி மருந்து இருட்டில் ஒன்றும் செய்யாமல் இருக்கும், இருக்க வேண்டும். அதற்குரிய அலைநீளத்தில் ஒளி விழுந்ததும் மூலக்கூறு அந்த ஆற்றலை வாங்கி, அருகில் உள்ள ஆக்சிஜனுக்குக் கொடுக்கிறது. ஆக்சிஜன் ‘சிங்லெட் ஆக்சிஜன்’ என்ற நிலைக்குப் போய், எதிர்ப்படும் கொழுப்பையும் புரதத்தையும் சிதைக்கிறது. செல்லுக்குள் அதன் ஆயுள் சில மைக்ரோநொடிகளுக்கு மேல் இல்லை. அதற்குள் அது நகரும் தூரம் செல்லின் அகலத்தில் ஒரு சிறு பங்குதான். ஆகவே மருந்து இருந்து, ஒளி விழுந்து, ஆக்சிஜனும் இருக்கும் இடத்தில் மட்டும் சேதம் நடக்கும். மூன்றில் ஒன்று குறைந்தாலும் செல் பிழைத்துக்கொள்ளும்.

இதை முதலில் கவனித்தவர் மியூனிக்கில் மருத்துவ மாணவராக இருந்த ஆஸ்கர் ராப். ஆண்டு 1900. அக்ரிடின் சாயத்தில் விட்ட பரமீசியம் என்ற ஒரு செல் உயிரி சில சமயம் சீக்கிரம் செத்தது, சில சமயம் நெடுநேரம் பிழைத்தது; அறையின் வெளிச்சம்தான் காரணம் என்று அவர் கண்டார். அதை மருத்துவமனைக்குள் கொண்டுவந்ததில் பெரும்பங்கு அமெரிக்காவின் பஃபலோ நகரில், ராஸ்வெல் பார்க் நிறுவனத்தில் பணியாற்றிய தாமஸ் டோகர்ட்டியுடையது. அவருடைய உழைப்பில் உருவான ஃபோட்டோஃப்ரின் 1993-ல் கனடாவில் சிறுநீர்ப்பைப் புற்றுக்கும், 1995-ல் அமெரிக்காவில் உணவுக்குழாய்ப் புற்றுக்கும் அனுமதி பெற்றது.

புதிய ஃபோட்டோசென்சிடைசர் (ஒளியை வாங்கி வேலை செய்யும் மருந்து மூலக்கூறு) ஒன்றை வடிவமைக்கும்போது எந்தெந்தப் பண்புகளை முதலில் பார்க்க வேண்டும்?
– எம்.எஸ்சி. வேதியியல் மாணவி, திருச்சி

முதலில் அலைநீளம். 600 நானோமீட்டருக்குக் கீழே ரத்தத்தின் ஹீமோகுளோபின் ஒளியை விழுங்கிவிடும். 900-ஐத் தாண்டினால் தண்ணீர் விழுங்கத் தொடங்கும். அதற்காக 900 வரை போகலாம் என்று நினைக்க வேண்டாம். சிங்லெட் ஆக்சிஜனை உருவாக்க ஒரு மோலுக்கு 94 கிலோஜூல் தேவை. சென்சிடைசரின் டிரிப்லெட் நிலைக்கு (ஒளியை வாங்கியபின் ஆற்றலைச் சற்று நேரம் தாங்கி நிற்கும் நிலை) அதற்கு மேல் ஆற்றல் இருக்க வேண்டும். ஏறக்குறைய 850 நானோமீட்டரைத் தாண்டிய ஒளியை உறிஞ்சும் மூலக்கூறுகளுக்கு அந்த ஆற்றல் மிஞ்சாது. எனவே உங்கள் களம் 650 முதல் 850 வரைதான்.

அடுத்தது, அந்த அலைநீளத்தில் எவ்வளவு உறிஞ்சுகிறது என்பது. ஃபோட்டோஃப்ரின் 630-ல் மிகவும் பலவீனமானது. மோலார் உறிஞ்சுதிறன் சுமார் 3,000. குளோரின் (chlorin) வகை – குளோரின் வாயு அல்ல, போர்ஃபிரின் போன்ற வளைய மூலக்கூறு – 650–665 பகுதியில் 30,000-ஐத் தாண்டும். பாக்டீரியோகுளோரினும் தாலோசயனினும் ஒரு லட்சத்தையே தொடும். முதல் தலைமுறை மருந்துக்கு அதிக அளவும் நீண்ட ஒளிநேரமும் வேண்டியிருந்ததற்கு இது ஒரு முக்கியக் காரணம்.

மூன்றாவது, உறிஞ்சிய ஆற்றல் டிரிப்லெட் நிலைக்குப் போகிறதா, வெறும் ஒளிர்வாக வெளியே போய்விடுகிறதா? போடிப்பி சாயங்கள் நன்றாக ஒளிரும், ஆனால் சிங்லெட் ஆக்சிஜனை மிகக் குறைவாகவே தரும். அதன் 2, 6 இடங்களில் அயோடின் வைத்தால் கனஅணு விளைவால் (கனமான அணு, ஆற்றலை டிரிப்லெட் நிலைக்குத் திருப்புவதால்) நிலை தலைகீழாகும். ஆனால் அயோடின் சேரச் சேர மூலக்கூறு கொழுப்பில் கரைவதாக மாறும், சில சமயம் இருட்டிலும் நச்சாகும். இந்த இரண்டையும் சேர்த்தே எடைபோட வேண்டும்.

நான்காவதைப் பலர் கடைசியில்தான் பார்க்கிறார்கள். முதலிலேயே பார்த்திருந்தால் ஓர் ஆண்டு மிச்சமாகும். அதுதான் திரளுதல். போர்ஃபிரினும் தாலோசயனினும் தட்டையான மூலக்கூறுகள். தண்ணீரில் அப்பளம்போல் ஒன்றன்மேல் ஒன்றாக அடுக்கிக்கொள்ளும். அடுக்கில் சேர்ந்த மூலக்கூறு வாங்கிய ஆற்றலை வெப்பமாகவே விட்டுவிடும். டிஎம்எஸ்ஓ என்ற கரைப்பானில் அருமையான அளவீடு கிடைத்து, செல்லில் ஒன்றுமே நடக்காததற்குப் பெரும்பாலும் இதுதான் காரணம். கண்டுபிடிப்பது எளிது. ஒரே செறிவில் டிஎம்எஸ்ஓவிலும் பாஸ்பேட் பஃபரிலும் நிறமாலை எடுங்கள். பஃபரில் சிகரம் தட்டையாகி, அகன்று, இடம் மாறியிருந்தால் திரண்டிருக்கிறது. பஃபரில் ஒரு சொட்டு ட்வீன் (சோப்புப் போன்ற பொருள்) விட்டதும் சிகரம் எழுந்தால் உறுதி. பருமனான பக்கத்தொகுதிகளை வைப்பது, சல்ஃபோனேட் சேர்ப்பது, சிலிக்கான் தாலோசயனினின் மேலும் கீழும் அச்சு லிகண்டுகளை (நடு அணுவோடு இணையும் தொகுதிகளை) கட்டுவது ஆகியவை வழக்கமான தீர்வுகள்.

சிங்லெட் ஆக்சிஜனை அளக்க டிபிபிஎஃப் என்ற மஞ்சள் நிறப் பொருள் போதும். அது 415 நானோமீட்டர் அருகே உறிஞ்சும். சிங்லெட் ஆக்சிஜன் பட்டால் நிறம் போகும். உறிஞ்சல் 1 வரும்படி டிபிபிஎஃப், ஒளியூட்டும் அலைநீளத்தில் 0.1–0.2 வரும்படி சென்சிடைசர் எடுத்து, சில நொடிகளுக்கு ஒருமுறை நிறமாலை எடுங்கள். ஒப்பீட்டுக்கு மெத்திலின் ப்ளூ. அதன் குவாண்டம் ஈவு (வாங்கிய ஒவ்வொரு ஒளித்துகளுக்கும் உருவாகும் சிங்லெட் ஆக்சிஜனின் பங்கு) 0.52. நீல ஒளி விளக்கு மட்டும் வேண்டாம், டிபிபிஎஃப் அதிலேயே தானாகச் சிதையும். சென்சிடைசர் இல்லாத ஒரு குவெட்டையும் அதே ஒளியில் வைத்துப் பார்த்துவிடுங்கள். இன்னொன்று: டிபிபிஎஃப் மற்ற தீவிர ஆக்சிஜன் வகைகளோடும் வினைபுரியும். நைட்ரஜன் ஊதியபின் வினை நிற்கிறதா, சிங்லெட் ஆக்சிஜனை அணைக்கும் சோடியம் அசைடு சேர்த்தால் மெதுவாகிறதா என்று பார்க்காமல் ‘சிங்லெட் ஆக்சிஜன்’ என்று எழுதிவிடாதீர்கள்.

சென்சிடைசரோடு ஃபோலிக் அமிலத்தை இணைத்தேன். ஃபோலேட் ரிசெப்டர் (ஃபோலிக் அமிலத்தைப் பிடித்துக்கொள்ளும் செல் மேற்பரப்புப் புரதம்) உள்ள ஹீலா புற்றுச்செல்லும் சாகிறது, ரிசெப்டர் இல்லாத ஏ549 செல்லும் அதே அளவு சாகிறது. எங்கே தவறு?
– ஆய்வு மாணவர், கோயம்புத்தூர்

வந்தவற்றில் மிகவும் பயனுள்ள கேள்வி இது. பல ஆய்வுகளில் ரிசெப்டர் இல்லாத செல்லை வைத்துப் பார்ப்பதே கிடையாது. நீங்கள் பார்த்திருக்கிறீர்கள், அதனால்தான் தவறு வெளியே வந்தது.

முதல் சந்தேகம் வளர்ப்பு ஊடகத்தின் மேல். ஆர்பிஎம்ஐ 1640-ல் லிட்டருக்கு 1 மில்லிகிராம், அதாவது சுமார் 2.3 மைக்ரோமோலார் ஃபோலிக் அமிலம் இருக்கிறது. மனித ரத்தத்தில் இருப்பதைவிட இது பல மடங்கு அதிகம். ரிசெப்டரோ நானோமோலார் அளவிலேயே ஃபோலேட்டைப் பிடித்துக்கொள்ளும். ஆகவே உங்கள் மருந்து போய்ச் சேரும் முன்பே இடமெல்லாம் நிரம்பியிருக்கும். மருந்து உள்ளே போனது ரிசெப்டர் வழியாக அல்ல, சவ்வில் ஒட்டிக்கொண்டுதான். ஹீலாவை ஃபோலேட் இல்லாத ஆர்பிஎம்ஐயில் குறைந்தது ஒரு வாரம், இரண்டு மூன்று முறை பிரித்து வளர்த்துவிட்டு மீண்டும் செய்யுங்கள். செல்லுக்குத் தேவையான ஃபோலேட் சீரத்தில் இருந்து கிடைத்துவிடும்.

இரண்டாவது, இணைத்த இடம். ஃபோலிக் அமிலத்தின் டெரிடின் வளையம் ரிசெப்டரின் குழிக்குள் ஆழமாகப் போய் உட்காரும். குளூட்டமேட் பகுதி வெளியே நீட்டிக்கொண்டிருக்கும். சென்சிடைசரைக் குளூட்டமேட் பக்கம்தான் கட்ட வேண்டும். டிசிசி என்ற இணைப்பு வினைப்பொருளை வைத்து நேரடியாக இணைத்தால் ஆல்ஃபா, காமா என இரண்டு கார்பாக்சில்களிலும் இணைந்த கலவை வரும். எச்பிஎல்சியில் (கலவையைப் பிரித்துக்காட்டும் கருவி) அருகருகே இரண்டு சிகரங்கள் தெரிந்தால் அதுதான். பிரித்தெடுத்துத் தனித்தனியாகச் சோதியுங்கள். நடுவில் பாலிஎத்திலீன் கிளைகால் சங்கிலி ஒன்று இருக்கட்டும். சென்சிடைசர் ரிசெப்டரின் வாயிலேயே முட்டிக்கொண்டு நின்றால் பிடிப்புக் குறையும்.

மூன்றாவது, மூலக்கூறின் கொழுப்புநாட்டம். சென்சிடைசர் பெரியது, எண்ணெய்த்தன்மை உள்ளது. ஃபோலிக் அமிலம் சிறியது. பெரியதன் குணம்தான் ஓங்கும். எந்தச் செல்லின் சவ்விலும் அது ஒட்டும். சல்ஃபோனேட்டோ சர்க்கரையோ சேர்த்து நீர்நாட்டத்தைக் கூட்டாமல், இலக்குத் தொகுதியை மட்டும் மாற்றிக்கொண்டே போவதில் பயனில்லை.

இவற்றைச் சரிசெய்தபின் சோதனையை இப்படி அடுக்குங்கள். ஒரே நாளில், ஒரே தட்டுத் தொகுதியில்: ஒளியும் மருந்தும் இல்லாத செல், ஒளி மட்டும், மருந்து மட்டும், மருந்தும் ஒளியும், இலக்குத் தொகுதி இணைக்காத வெறும் சென்சிடைசரும் ஒளியும், ஒரு மணி நேரம் முன்பே 1 மில்லிமோலார் ஃபோலிக் அமிலம் கொடுத்துத் தடுத்த செல்லில் மருந்தும் ஒளியும். ஃபோலிக் அமிலம் தண்ணீரில் எளிதில் கரையாது. சோடியம் பைகார்பனேட் கரைசலில் கரைத்து, பிஎச் சரிபார்த்துச் சேருங்கள். தடுத்த செல் பிழைத்து, தடுக்காத செல் செத்தால்தான் ரிசெப்டர் வழியாகப் போயிருக்கிறது என்று சொல்ல முடியும். ரிசெப்டர் இல்லாத செல் பிழைப்பது மட்டும் போதாது. அந்தச் செல் இயல்பிலேயே ஆக்சிஜனேற்றத்தைத் தாங்கக்கூடியதாக இருக்கலாம்.

ஒளியூட்டும் முன் மூன்று முறை கழுவி, ஃபீனால் ரெட் இல்லாத ஊடகத்துக்கு மாற்றுங்கள். அந்தச் சிவப்பு நிறமும் ஒளியை வாங்கும். சதுர சென்டிமீட்டருக்கு 10 மில்லிவாட் ஒளியை 10 நிமிடம் கொடுத்தால் 6 ஜூல். இந்த எண்ணைப் பவர் மீட்டரைத் தட்டின் உயரத்தில் வைத்து அளந்த பிறகே எழுத வேண்டும், விளக்கின் பெட்டியில் அச்சிட்டதைப் பார்த்து அல்ல. 96 குழித் தட்டின் ஓரக் குழிகளுக்கும் நடுக் குழிகளுக்கும் கிடைக்கும் ஒளி ஒன்றல்ல. நான்கு மூலைகளிலும் அளந்து பாருங்கள். வேறுபாடு பெரிதாக இருந்தால் ஓரக் குழிகளை விட்டுவிடுங்கள். தட்டு சூடாகிறதா என்பதற்கு ‘ஒளி மட்டும்’ வரிசை பதில் சொல்லும். மருந்து சேர்த்ததிலிருந்து அலுமினியத் தாள் சுற்றியே இருக்கட்டும். ஃபோலிக் அமிலமும் ஒளியில் சிதையும் என்பதை மறக்க வேண்டாம்.

ஆன்டிபாடியில் சாயத்தை இணைத்துச் செய்யும் ஒளி நோயெதிர்ப்பு சிகிச்சை வேறு வகையானதா? இணைப்பு எப்படிச் செய்கிறார்கள்?
– உயிர்த்தொழில்நுட்ப மாணவி, யாழ்ப்பாணம்

வேறு வகைதான். இலக்கு விஷயத்தில் இதுவரை வந்தவற்றில் மிகத் தெளிவான வெற்றி இது என்பது எங்கள் கருத்து. அமெரிக்கத் தேசியப் புற்றுநோய் நிறுவனத்தில் ஹிசாட்டாகா கோபயாஷியின் குழு 2011-ல் வெளியிட்டது. ஐஆர்700 என்ற சிலிக்கான் தாலோசயனின் சாயத்தை ஆன்டிபாடியில் (குறிப்பிட்ட இலக்கைத் தேடிப் பிடிக்கும் புரதம்) கட்டினார்கள். இந்தச் சாயம் நீரில் நன்றாகக் கரையும். தனியாக விட்டால் செல்லுக்குள் போகாது, சிறுநீரில் வெளியேறிவிடும். ஆன்டிபாடியோடு சேர்ந்தால் மட்டுமே செல்லின் மேல் நிற்கும். 690 நானோமீட்டர் ஒளி பட்டதும் சிலிக்கானின் மேலும் கீழும் இருந்த நீர்நாட்டமுள்ள லிகண்டுகள் கழன்றுவிடும். மிஞ்சிய பகுதி நீரை வெறுத்துத் திரளும். அது உட்கார்ந்திருக்கும் சவ்வு சேதமடையும். தண்ணீர் உள்ளே புகுந்து செல் வீங்கி வெடிக்கும். மேலே ‘திரளுதல் தீமை’ என்று சொன்னோம், இங்கே அதுவே ஆயுதமாகிவிட்டது.

இணைப்பு முறை சிக்கலானதல்ல. 1 மில்லிகிராம் ஆன்டிபாடி, அதாவது சுமார் 6.8 நானோமோல். அதற்கு ஐந்து மடங்கு, 34 நானோமோல் அளவுக்குச் சாயத்தின் என்எச்எஸ் எஸ்டர் (புரதத்தின் அமீன்களோடு இணையும் வடிவம்). இதை டிஎம்எஸ்ஓவில் 5 மில்லிமோலாராகக் கரைத்து வைத்துக்கொள்ள வேண்டும். ஊடகம் 0.1 மோலார் டைசோடியம் பாஸ்பேட், பிஎச் 8.6. அறை வெப்பநிலையில், இருட்டில் ஒரு மணி நேரம். பிறகு ஜெல் நிரப்பிய சிறிய குழாய் வழியே ஓட்டி, இணையாத சாயத்தைப் பிரித்துவிடலாம்.

கெடுவது எங்கே? டிரிஸ் பஃபரில் செய்தால் டிரிஸின் அமீனே எஸ்டரைத் தின்றுவிடும். கடையில் வாங்கிய ஆன்டிபாடியில் பாதுகாப்புக்காகச் சோடியம் அசைடு, ஆல்புமின், கிளைசின் இருக்கலாம். முதலில் பஃபர் மாற்றிக்கொள்ளுங்கள். ஆல்புமின் மட்டும் பஃபர் மாற்றத்தில் போகாது, அது கலக்காத ஆன்டிபாடியாகப் பார்த்து வாங்குவதே வழி. என்எச்எஸ் எஸ்டர் ஈரம் பட்டால் வீணாகும். குளிரூட்டியிலிருந்து எடுத்ததும் குப்பியைத் திறக்காமல், அறை வெப்பநிலைக்கு வரும்வரை பொறுங்கள். ஓர் ஆன்டிபாடிக்கு மூன்று நான்கு சாயம் போதும். அதிகம் கட்டினால் லைசின்கள் மூடப்பட்டுப் பிடிப்புக் குறையும், மருந்தைக் கல்லீரலும் வேகமாக இழுத்துக்கொள்ளும். சாயத்தை 689 நானோமீட்டரில் அளக்கலாம், மோலார் உறிஞ்சுதிறன் 1,65,000. புரதத்தைத் தனியாகக் கூமாசி முறையில் அளந்து விகிதம் எடுங்கள். பிறகு எஸ்டிஎஸ் ஜெல்லில் ஓட்டி ஒளிர்வைப் பாருங்கள். ஜெல்லின் அடியில் ஒளிக்கோடு தெரிந்தால் இணையாத சாயம் இன்னும் இருக்கிறது.

இதே கொள்கையில் செடுக்சிமாப் என்ற ஆன்டிபாடியோடு ஐஆர்700 இணைத்த மருந்துக்கு ஜப்பான் 2020 செப்டம்பரில் அனுமதி தந்தது. அறுவை செய்ய முடியாத, அல்லது திரும்பி வந்த தலை, கழுத்துப் புற்றுக்கு இது பயன்படுகிறது. உடற்பரப்பின் சதுர மீட்டருக்கு 640 மில்லிகிராம். 20 முதல் 28 மணி நேரம் கழித்து 690 நானோமீட்டர் லேசர். மேற்பரப்புக் கட்டிக்குச் சதுர சென்டிமீட்டருக்கு 50 ஜூல். ஆழமான கட்டிக்குள் ஊசி வழியே நுழைக்கும் ஒளியிழைக்கு ஒரு சென்டிமீட்டர் நீளத்துக்கு 100 ஜூல். ஆபத்துகளும் உண்டு. கழுத்துப் பெருந்தமனிக்குள் கட்டி ஊடுருவியிருந்தால் இதைச் செய்யக்கூடாது. கட்டி செத்து விழும்போது தமனி திறந்துகொள்ளும். குரல்வளை வீங்கி மூச்சு அடைபடலாம். வலியும் கடுமையாக இருக்கும்.

ஒரே மருந்து, ஒரே ஜூல் கணக்கு. ஆனாலும் கட்டியின் ஒரு பகுதி பிழைத்துவிடுகிறது. ஏன்?
– புற்றுநோயியல் பயிற்சி மருத்துவர், மதுரை

ஆக்சிஜன் தீர்ந்துபோவது முதல் காரணம். ஒளியின் தீவிரத்தைக் கூட்டி நேரத்தைக் குறைத்தால் ஜூல் அதேதான். ஆனால் ரத்தம் கொண்டுவந்து தருவதைவிட வேகமாக ஆக்சிஜன் செலவாகிவிடும். மீதி ஒளி வீண். மெதுவாகக் கொடுப்பதும், நடுவில் நிறுத்தி இடைவெளி விடுவதும் உதவும். இரண்டாவது, ஆழம். 630 நானோமீட்டர் ஒளியின் கொல்லும் திறன் சில மில்லிமீட்டரில் முடிந்துவிடும். அதற்கும் கீழே உள்ளதற்கு இழையை உள்ளே செலுத்தத்தான் வேண்டும். மூன்றாவது மிகச் சாதாரணமானது: இழையின் முனையில் ரத்தம் படிவது. படிந்தால் ஒளி அங்கேயே நின்றுவிடும், முனையும் கருகும். துடைத்துவிட்டு மறுபடி அளந்து தொடருங்கள்.

மருந்து ஏற்றியதற்கும் ஒளிக்கும் நடுவில் விடும் நேரமும் மருந்தின் பகுதிதான். ஃபோட்டோஃப்ரினுக்கு எடையில் கிலோவுக்கு 2 மில்லிகிராம் கொடுத்து 40 முதல் 50 மணி நேரம் விடுகிறார்கள். டெமோபோர்ஃபினுக்கு 0.15 மில்லிகிராம், 96 மணி நேரம், 652 நானோமீட்டரில் 20 ஜூல். ஜப்பானின் டாலபோர்ஃபினுக்கு நான்கு மணி நேரமே போதும். 2017-ல் ஐரோப்பா அனுமதித்த பேடலிபோர்ஃபினோ ரத்தக்குழாயை விட்டே வெளியேறுவதில்லை. அதை ஏற்றிய கையோடு 753 நானோமீட்டர் ஒளி தருகிறார்கள்; புராஸ்டேட் கட்டிக்குப் போகும் ரத்தக்குழாய்கள் அடைபட்டுத் திசு சாகிறது. அங்கே இலக்கு புற்றுச்செல் அல்ல, அதற்கு உணவு தரும் குழாய்.

மஞ்சளில் உள்ள குர்குமின் ஒளியில் வேலை செய்யும் என்கிறார்களே, புற்றுக்கு உதவுமா?
– இல்லத்தரசி, தென்காசி

ஒளியில் வினைபுரிவது உண்மை. ஆனால் அது உறிஞ்சுவது 420–430 நானோமீட்டர் நீல ஒளியை. அது தோலில் ஒரு மில்லிமீட்டர்கூட முழுதாக இறங்காது. சாப்பிட்ட மஞ்சள் ரத்தத்தில் சேர்வதும் மிகக் குறைவு. மஞ்சள் சாப்பிட்டுவிட்டு வெயிலில் நிற்பது சிகிச்சை ஆகாது. நம் ஊர் மருந்துச் சரக்கில் ஒளியோடு உண்மையாகவே தொடர்புள்ளது கார்போக அரிசி. அதில் உள்ள சோராலன், புற ஊதா-ஏ ஒளியில் டிஎன்ஏவைப் பிணைத்துப்போடும். அதற்கு ஆக்சிஜன் வேண்டாம். தோல் மருத்துவர்கள் வெண்புள்ளிக்கும், தோலில் வரும் ஒரு வகை லிம்போமாவுக்கும் சோராலன் வகை மருந்துகளை அளந்து தருகிறார்கள். அளவு மீறினால் தோல் வெந்துபோகும். ஆண்டுக்கணக்கில் தொடர்ந்தால் தோல் புற்றுக்கான வாய்ப்பும் கூடும். வீட்டில் செய்து பார்க்கக்கூடாது.

உணவுக்குழாய்ப் புற்று உள்ள அப்பாவுக்கு ஃபோட்டோஃப்ரின் சிகிச்சை செய்யப் போகிறார்கள். கல்லீரலில் பரவியதையும் இது தீர்க்குமா? வீட்டில் என்ன கவனம் வேண்டும்?
– வாசகர், சென்னை

ஒளி விழும் இடத்தில் மட்டுமே இது வேலை செய்யும். உணவுக்குழாயில் அடைப்பைத் திறந்து, விழுங்க வழி செய்ய முடியும். கல்லீரலில் பரவியதற்கு வேறு மருந்து தேவை. அதை மருத்துவரிடம் தனியாகக் கேளுங்கள்.

மருந்து தோலிலும் கண்ணிலும் குறைந்தது 30 நாள் தங்கும், சிலருக்கு 90 நாள்வரை. வீட்டில் நினைவில் வைக்க வேண்டிய முதல் விஷயம், சன்ஸ்கிரீன் இதற்கு உதவாது. அது புற ஊதாவைத் தடுக்கும். இந்த மருந்தைத் தூண்டுவது கண்ணுக்குத் தெரியும் ஒளி. முழுக்கைச் சட்டை, கையுறை, அகன்ற தொப்பி, கறுப்புக் கண்ணாடி இவைதான் காப்பு. மேகமூட்டமான பகலும் பகல்தான். பல் மருத்துவரின் விளக்கு, அறுவை அரங்கின் விளக்கு, முகத்துக்கு அருகில் எரியும் படிப்பு விளக்கு ஆகியவற்றைத் தவிருங்கள். வேறு எந்த மருத்துவமனைக்குப் போனாலும் முதலில் இதைச் சொல்லிவிடுங்கள். விரலில் மாட்டும் ஆக்சிஜன் மீட்டரின் ஒளியும் நெடுநேரம் ஒரே இடத்தில் இருந்தால் சுடக்கூடும்.

அதற்காக அவரை இருட்டறையில் அடைக்க வேண்டாம். வீட்டின் சாதாரண வெளிச்சம் தோலில் தங்கிய மருந்தைக் கொஞ்சம் கொஞ்சமாகச் சிதைக்கும், அது நல்லது. 30 நாள் கழிந்து மருத்துவர் சம்மதித்தால், தோலில் சிறு இடத்தை மட்டும் 10 நிமிடம் வெயிலில் காட்டுங்கள். முகத்தில் வேண்டாம், கண்ணைச் சுற்றிய தோல் அதிகம் பாதிக்கப்படும். 24 மணி நேரத்துக்குள் சிவப்போ வீக்கமோ கொப்புளமோ வராவிட்டால் மெல்ல மெல்ல வெளியே வரலாம். வந்தால் இன்னும் இரண்டு வாரம் பொறுத்து, மறுபடி அதே சோதனை.